பட்டியலும் பட்டியல் சாதியும்

சென்னையில் எங்கே சாப்பிடலாம், எங்கே பொருள் வாங்கலாம், எங்கே தங்கலாம் என்று சொல்லித்தருகிற பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. தீபாவளி மலரில் வருகிறது. வழிகாட்டிப் புத்தகமாகக் கடையில் தொங்குகிறது. இப்போது கைப்பேசியைத் திறந்தால் இலை முன்னால் உட்கார்ந்து ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆஹா’ என்கிறார். ஆள் மாறலாம், பட்டியல் மாறாது. மயிலாப்பூரில் காப்பி, தி.நகரில் பட்டும் தங்கமும், சவுகார்பேட்டையில் வடநாட்டுப் பலகாரம், கடலைப் பார்த்தாப்போல ஒரு அறை. முடிந்தது சென்னை. இதற்கு ‘நம்ம சென்னை’ என்று தலைப்பு வேறு. யார் இந்த ‘நம்ம’?

இதைக் கேட்டால் நம் தோழர்களிலேயே சிலருக்குச் சிரிப்பு வருகிறது. ‘இன்னாப்பா நீ, இட்லியிலயும் சாதியத் தேடுற? அவனவன் நாக்குக்குப் புடிச்சதச் சொல்லிட்டுப் போறான், உனக்கு இன்னா?’ நாக்குக்குப் பிடித்தது நாக்கோடு நிற்பதில்லை என்பதுதான் பிரச்சினை. ருசி என்பது தானாக முளைத்து வந்தது போலவும், அதற்கும் அதிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை போலவும் காட்டுவதுதான் ஆதிக்க சாதிப் பொதுப்புத்தியின் பெரிய சாமர்த்தியம்.

அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதுவும் ஒரு பட்டியல்தான். கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழைய மதத்தின் பேராலோ சாதியின் பேராலோ எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது. வாங்குற எடம், தின்னுற எடம், தங்குற எடம். ஊர் சுற்ற வருகிறவன் கேட்கிற மூன்று கேள்வியும் அப்படியே அங்கே இருக்கின்றன. ஒரு தேசத்தின் சட்டப் புத்தகத்தில் ஓட்டலுக்கு என்ன வேலை? தீண்டாமை காவல் நின்ற வாசல்கள் அவைதான் என்பதால்தான் அதை எழுதவேண்டி வந்தது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி இறங்கி, ஓட்டலிலும் சத்திரத்திலும் வைத்திருக்கிற பாத்திரம் பண்டங்களைப் புழங்கவிடாமல் தடுப்பதும் குற்றம் என்றது. டம்ளருக்குச் சட்டம் போட்ட நாடு இது. ‘எங்க சாப்பிடலாம்?’ என்பதை இந்த நாட்டில் வெறும் ருசிக் கேள்வி என்று சொல்ல ஒருத்தனுக்கு எவ்வளவு வசதியான பிறப்பு வேண்டும்!

தங்குவதற்கு ஒரு சாட்சி போதும். 1917இல் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போகிறார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்குகிறார். சில நாளில் விஷயம் தெரிந்து தடியோடு வந்து நிற்கிறார்கள். அறையைக் காலி செய்கிறார். நகரத்துப் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலேறுகிறார். கொலம்பியாவில் படித்த படிப்பு ஒரு அறைக்கு உதவவில்லை. பரோடாவுக்கு வந்த பயணிகளுக்கு அன்றைக்கும் ‘தங்குமிடங்கள்’ என்று பட்டியல் இருந்திருக்கும். அந்தப் பட்டியல் யாருக்கு என்பதைத் தடி சொன்னது.

நூறு வருஷம் தாண்டிவிட்டது. தடி போய்விட்டதா, வேறு உருவம் எடுத்திருக்கிறதா? மூன்று வாசலிலும் நின்று பார்ப்போம்.

முதல் வாசல்: தின்பது

தென்னிந்திய ரயில் நிலையங்களில் பார்ப்பனருக்குத் தனியாகவும் மற்றவருக்குத் தனியாகவும் சாப்பாட்டு இடம் இருந்தது. 1941இல்தான் அது ஒழிந்தது. ஓட்டல் வாசலில் ‘பிராமணாள்’ என்று பலகை மாட்டிக்கொள்வது அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 1957இல் திருவல்லிக்கேணியில் அப்படி ஒரு ஓட்டல் முன்னால் பெரியார் மறியல் நடத்தினார். தினம் ஆட்கள் போய் நின்றார்கள், தினம் கைதானார்கள். கடைசியில் பலகை இறங்கியது. அந்தப் போராட்டத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் பலகை இறங்கிய பிறகு நடந்ததை நாம்தான் பேசவேண்டும், மற்றவர்கள் பேசமாட்டார்கள்.

பலகை இறங்கியது, சாதி மசாலாவாக மாறிச் சாம்பாருக்குள் இறங்கிவிட்டது. இன்றைக்குப் பட்டியல்காரர்கள் கொண்டாடுகிற பெயர்களைப் பாருங்கள். அய்யர் மெஸ், மாமி மெஸ், அக்ரஹாரத்துச் சமையல், செட்டிநாட்டு விருந்து, கொங்குச் சமையல், நாடார் மெஸ், தேவர் ஓட்டல். ஒருகாலத்தில் ‘நீ உள்ளே வராதே’ என்று சொல்லப் பயன்பட்ட பெயர், இப்போது ‘உள்ளே வா, இங்கே கைமணம் இருக்கிறது’ என்று சொல்லப் பயன்படுகிறது. சாதி ஒரு ருசி, சாதி ஒரு பக்குவம், சாதி ஒரு சுத்தம். நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. பறையர் மெஸ் எங்கே? சக்கிலியர் பிரியாணி எங்கே? இவ்வளவு பெரிய பட்டணத்தில் அப்படி ஒரு பலகையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. நம்மாட்களுக்குச் சமைக்கத் தெரியாதா? இந்தப் பட்டணத்தின் எத்தனை பிரியாணி அண்டாக்களுக்குப் பின்னால், எத்தனை கல்யாணச் சமையல்கட்டில், எத்தனை இரவுக் கடைகளில் நம் சனங்கள் நிற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். கை இருக்கலாம், பேர்தான் இருக்கக் கூடாது. சில சாதிப் பெயர்களைச் சொன்னால் நாக்கில் எச்சில் ஊறுகிறது. சில சாதிப் பெயர்களைச் சொன்னால் முகம் சுளிக்கிறது. இதைத்தான் இவர்கள் ருசி என்கிறார்கள்.

இந்தக் கேள்வியை எழுப்புவதன் நோக்கம் பறையர் மெஸ் திறக்கவேண்டும் என்பதல்ல. எந்தச் சாதிப் பெயரும் சோற்றுக்கு மேல் உட்காரக் கூடாது என்பதுதான். ஒன்றை மட்டும் மாட்டமுடியாது என்று ஆனபிறகு மற்றதெல்லாம் வெறும் வியாபாரப் பெயர் என்று யாரும் நமக்குக் காது குத்த வேண்டாம்.

மாட்டுக்கறிக்கு வருவோம். புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர், புதுப்பேட்டைப் பக்கம் சாயங்காலம் போனால் தள்ளுவண்டியில் வாணலி கொதிக்கும். சில்லி பீப், வறுவல், சுக்கா. கட்டட வேலை முடித்து வருகிறவரும், கல்லூரிப் பையனும், ஆட்டோ ஓட்டுகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தின்கிற இடம் அது. உழைப்பவர்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கிற நல்ல சத்து. ஆனால் அரசாங்கமே உணவுத் திருவிழா நடத்தினாலும் இது மட்டும் மறந்துபோகும். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. பிரியாணிக்குப் பேர்போன அந்த ஊரிலேயே மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. விழா மழையின் பேரால் தள்ளிப்போனது. மாட்டுக்கறியை விலக்கி வைப்பதைப் பாகுபாடாகவே பார்க்கவேண்டும் என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் உணவுத் திருவிழா. அங்கேயும் முதலில் மாட்டுக்கறிக் கடை இல்லை. கேள்வி கேட்டபிறகு கடை வந்தது. இதில் ஒரு பாடம் இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள். கேட்காதவரைக்கும் அது ‘மறதி’. கேட்டவுடனே ஞாபகம் வந்துவிடுகிறது.

படித்தவர்கள் இப்படி இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் மாணவர் உணவுக்கூடம் ஒன்றில் சைவம் சாப்பிடுகிறவருக்குத் தனி வாசல், அசைவம் சாப்பிடுகிறவருக்குத் தனி வாசல், கைகழுவத் தனித்தனித் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மாணவர்கள் எதிர்த்தபிறகு கிழிந்தது. 1941இல் ரயில் நிலையத்திலிருந்து துரத்தப்பட்டது 2018இல் ஐ.ஐ.டி.யில் வந்து கைகழுவியது. சாதி என்று எழுதியிருந்தால் சட்டத்தில் மாட்டும். சைவம் என்று எழுதினால் சுகாதாரம் ஆகிவிடும்.

இரண்டாம் வாசல்: வாங்குவது

தி.நகர் ரங்கநாதன் தெருவைச் சொல்லாத பட்டியல் கிடையாது. தீபாவளி நேரத்தில் அங்கே நடக்கவேண்டாம், கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டுபோய் விட்டுவிடும் என்று பெருமையாகச் சொல்வார்கள். மாடி மாடியாகக் கடை. பட்டியல் எழுதுகிறவர் துணியைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார். துணியை உதறிப் போடுகிற கையைப் பார்ப்பதில்லை. தூரத்து மாவட்டங்களிலிருந்து கூட்டிவரப்பட்டு, காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நின்றபடியே வேலை பார்க்கிற பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? கடையில் வேலை செய்கிறவர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியது 2021இல். உட்காருவதற்கு ஒரு சட்டம்! அடுத்த தடவை துணி எடுக்கப் போகும்போது முக்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடை மூடினபிறகு அந்தத் தெருவில் மலையாகக் கிடக்கிற பிளாஸ்டிக்கையும் அட்டையையும் அள்ளுகிறவர் யார் என்று ஒருநாள் ராத்திரி நின்று பாருங்கள். பகல் தெருவும் ராத்திரித் தெருவும் ஒரே தெருதான். பட்டியலில் பகல் மட்டும் இருக்கிறது.

நம் பிள்ளைகள் வாங்கின இடம் வேறு. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகத்திலிருந்து பழைய கிராமபோன் வரைக்கும் கிடைத்த இடம். 1985இல் அது எரிந்தது. இடத்தை ரயில்வே எடுத்துக்கொண்டது. கடைக்காரர்கள் பக்கத்திலேயே ஒரு வளாகத்துக்கு ஒதுக்கப்பட்டார்கள். மூர் மார்க்கெட்டைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் நிறைய உண்டு. எரிந்துபோன கட்டடத்துக்கு உருகுகிறவர்கள், பிழைத்த கடைக்காரரிடம் போய் இப்போதும் ஒரு புத்தகம் வாங்குவதில்லை. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டு நடைபாதையில் பாதி விலைக்கு வாங்கிய புத்தகத்தை வைத்துப் பட்டம் வாங்கினவர்கள் நம்மில் எத்தனை பேர்! பேங்க் பரீட்சைக்கு நான் படித்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் வேறு ஒருத்தர் பெயர் அடித்திருந்தது. அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். அதை இன்னொருத்தருக்கு விற்றேன். இந்தக் கடைகளை ‘வாங்கச் சிறந்த இடம்’ என்று எந்தப் பளபளப்பான தாளிலும் போடமாட்டார்கள்.

மூன்றாம் வாசல்: தங்குவது

இதில்தான் பட்டணம் தன் பல்லைக் காட்டுகிறது. வந்துபோகிறவனுக்கு ஓட்டலில் பணம் கட்டினால் சாவி கொடுத்துவிடுவான். இருக்க வந்தவன் பாடுதான் பாடு. கையில் பேங்க் உத்தியோகம், மாசம் பிறந்தால் சம்பளம், அடையாள அட்டை, முன்பணம் எல்லாம் வைத்துக்கொண்டு நான் வீடு தேடியிருக்கிறேன். எவரும் சாதியைக் கேட்கவில்லை. அவ்வளவு நாகரிகம். ‘சொந்த ஊர் எது தம்பி? ஊர்ல எந்தத் தெரு? குலசாமி எது? வீட்ல அசைவம் சமைப்பீங்களா?’ இவ்வளவுதான் கேட்டார்கள். கடைசியில், ‘சைவக் குடும்பமா பாக்குறோம் தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க.’ அதே வீட்டுக்கு அடுத்த மாதம் என் கிளையில் வேலை பார்க்கிற ஒருத்தர் குடிபோனார். ஞாயிற்றுக்கிழமையானால் மீன் இல்லாமல் சோறு இறங்காத மனுஷன். அவர் ஊர்ல இருந்தது வேற தெரு, அவ்வளவுதான். ‘சைவம்’ என்ற சொல்லுக்கு அகராதியில் இல்லாத அர்த்தம் இதுதான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1955 சட்டம் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் பேசாமல் தடுப்பதை எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுப்பது? 2005இல் உச்சநீதிமன்றம், குஜராத்தில் ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தன் மதத்தாரை மட்டுமே உறுப்பினராகச் சேர்ப்பது செல்லும் என்றது. எந்த மதத்துச் சங்கம் என்பதல்ல நம் பேச்சு. கூட்டமாகச் சேர்ந்து கதவைச் சாத்தினால் அதற்குப் பெயர் சங்கம் அமைக்கும் உரிமை என்று ஆகிவிட்டதே, அதுதான் பேச்சு.

தனி ஆளுக்கு வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிறார் என்றால், கூட்டமாக இருக்கிறவர்களுக்கு அரசாங்கம் லாரி அனுப்புகிறது. தீவுத்திடலை ஒட்டின கூவங்கரையில் சத்தியவாணிமுத்து நகர் இருந்தது. மந்திரியாக இருந்த தலித் பெண் தலைவர் ஒருவரின் பெயர் வைத்த குடியிருப்பு. 2019 டிசம்பர் கடைசியில், பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில், அந்தக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். சென்ட்ரல் பக்கத்திலேயே வேலை, அங்கேயே பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், அங்கேயே ஆஸ்பத்திரி என்று இருந்தவர்களை, 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கொண்டுபோய் அடுக்குமாடியில் ஏற்றினார்கள். மூன்று வருஷம் கழித்து அதே தீவுத்திடலில்தான் உணவுத் திருவிழா நடந்தது. சென்னையின் ருசியைக் காட்டுகிறோம் என்றார்கள். அந்த மண்ணில் சமைத்துத் தின்றவர்கள் அப்போது பெரும்பாக்கத்தில் இருந்தார்கள்.

கண்ணகி நகர் கதை இன்னும் ருசிகரம். நகரத்திலிருந்து பெயர்த்து அனுப்பினவர்களுக்காக 2000இலிருந்து எழும்பிய குடியிருப்பு அது. அந்தப் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது, கடன் கிடைக்காது என்று விலாசத்தை மாற்றிச் சொல்கிற பிள்ளைகள் அங்கே உண்டு. 2020இல் அந்தச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். உடனே ‘பார்க்கவேண்டிய இடங்கள்’ பட்டியலில் கண்ணகி நகர் ஏறிவிட்டது. ஓவியர்களைக் குறை சொல்லவில்லை. நல்ல ஓவியங்கள். ஆனால் சுவரைப் பார்க்க வருகிறவன் சுவருக்கு உள்ளே இருக்கிறவனுக்குத் தன் தெருவில் வாடகைக்கு வீடு கொடுப்பானா?

ஆகவே, நம்மையும் பட்டியலில் சேருங்கள் என்று மனுப்போடுவது நம் வேலையல்ல. சேர்க்கும் விதத்திலேயே விஷம் இருக்கிறது. இப்போது யூடியூப்காரர்கள் வியாசர்பாடிக்கும் வருகிறார்கள். ‘ரிஸ்க் எடுத்து உள்ள வந்திருக்கோம்’ என்று முன்னுரை சொல்லிவிட்டு மாட்டுக்கறி தின்கிறார்கள். நம்ம அக்கா பத்து வருஷமாகக் கடை போட்டிருக்கிற முனை அவர்களுக்குக் காடு. நம் சோறு அவர்களுக்குச் சாகசம். சுளித்த முகம் இப்போது வியந்த முகமாகியிருக்கிறது. பக்கத்தில் உட்காருகிற முகமாக இன்னும் ஆகவில்லை.

நமக்கு நாமே ஒரு பட்டியல் வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் கிராமத்திலிருந்து படிக்க வருகிற தம்பி தங்கைகளுக்காக அது இருக்கட்டும். ராயப்பேட்டையில் இறங்கி நடங்கள். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கியது அங்கிருந்துதான். அடையாறில் ஆலமரம் பார்க்கச் சொல்வார்கள், பாருங்கள். அப்படியே ஊரூர்ப் பக்கம் போய், 1894இல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்காக முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கியது அங்கேதான் என்று சொல்லிக்கொள்ளுங்கள். புளியந்தோப்பில் மாட்டுக்கறி தின்னுங்கள். 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது நம் சனங்களின் குடிசைகள் எரிந்த மண் அது என்று தெரிந்து தின்னுங்கள். கையில் காசு குறைந்த நாளில் அம்மா உணவகத்துக்குப் போங்கள். 2013இல் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கிய அந்த இடத்தில் யாரும் தெருப்பெயர் கேட்பதில்லை. புத்தகத்துக்குப் பைகிராப்ட்ஸ் ரோடு, வாங்க முடியாததைப் படிக்க 1896இலிருந்து திறந்திருக்கிற கன்னிமாரா. சைதாப்பேட்டையில் எம்.சி.ராஜா பெயரில் விடுதி நிற்கிறது. அவர் யார் என்று தெரியாமல் அந்த வாசலைத் தாண்டாதீர்கள்.

இந்தப் பட்டியல் ஏக்கத்துக்காக அல்ல, உரிமைக்காக. இது நாம் வந்துபோகிற ஊர் அல்ல, நாம் கட்டின ஊர். இங்கே நாம் விருந்தாளியும் இல்லை, ஏலியனும் இல்லை.

கடைசியாக ஒரு சங்கதி. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். அந்த நடைபாதையிலேயே தின்றார்கள், அங்கேயே படுத்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் அரசாங்கம் அறிவித்த சலுகைகளில் ஒன்று, தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு. வேலையைக் கேட்டவர்களுக்கு டிபன்! டிபன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பசிக்கிற வயிற்றுக்குச் சோறு போடுவதை நாம் எதிர்க்கமாட்டோம. ஆனால் தின்பதற்கு ஒன்று கொடுத்துவிட்டால், இருப்பதற்கான உரிமையைக் கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறார்களே, அந்தக் கணக்கை நாம் எதிர்க்கிறோம்.

தோழர்களே, இனி யாராவது ‘சென்னையில எங்க சாப்பிடலாம், எங்க வாங்கலாம், எங்க தங்கலாம்’ என்று பட்டியல் நீட்டினால் வாங்கிப் படியுங்கள். படித்துவிட்டு மூன்று கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். அங்கே சமைக்கிறவர் பேர் பலகையில் உண்டா? அங்கே விற்கிறவருக்கு உட்கார இடம் உண்டா? அங்கே முன்னால் குடியிருந்தவர்கள் இப்போது எங்கே? விடுதியில் கேளுங்கள், கல்லூரி உணவுக்கூடத்தில் கேளுங்கள், அரசாங்கத் திருவிழாவில் கேளுங்கள், வீடு பார்க்கப் போன தெருவில் கேளுங்கள். தீவுத்திடலில் கேட்டதால்தான் கடை வந்தது. ஐ.ஐ.டி.யில் கேட்டதால்தான் அறிவிப்பு கிழிந்தது. கேட்கிற வாய் நம்முடையதாக இருக்கட்டும்.